ஐந்தில் ஒரு பங்கு

மும்பை தாராவியில் எங்கள் சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். அவ்வளவுதான் அகலம். எதிர்வீட்டில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். அதனால் கோகிலவாணி வீட்டுச் சங்கதி உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். நான் காதைப் பொத்துகிற ஆளும் இல்லை.

முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கையெழுத்து பார்க்க லட்சணமாக இருக்கும் என்பதால், எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி ரசீது எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்தக் கதையில் என் பங்குக்கு நான் செய்த பாவமும் அப்படி ஒரு ரசீது எழுதியதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கோகிலவாணிக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் அமையவில்லை. இரண்டு முறை பேசினார்கள். இரண்டு முறையும், ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று போன மாப்பிள்ளை வீட்டார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் அவளே போதும் என்று சொல்லிவிட்டாள். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் பைசான் என்பவருடைய தோல் பைப் பட்டறையில் வேலை. பதினெட்டு வயதில் விளிம்புக்குப் பசை தடவி மடிக்கப் போனவள். இன்றைக்கு அங்கே தயாராகும் ஒவ்வொரு பையும் அவள் தையல் பார்த்து, ஜிப்பை நாலு தடவை இழுத்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் பெட்டிக்குள் போகும். மாதம் இருபத்திரண்டாயிரம்.

இந்த இருபத்து மூன்று வருஷமும் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து அண்ணன் பெண்டாட்டி ஆறுமுகத்தாயின் கையில் கொடுத்துவிடுவாள். ஆறுமுகத்தாய் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து ஒரு டப்பாவில் போடுவாள். அண்ணன் பேச்சிராஜா கம்பெனி வேன் ஓட்டுகிறவன். அவன் சம்பளமும் அதே டப்பாவுக்குத்தான். அதில் யார் காசு எது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. கோகிலா டீக்கு இருபது ரூபாய் கேட்டால் மயினி ஐம்பதாகக் கொடுப்பாள். நாத்தனாரும் மயினியும் இப்படி இருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் வீட்டில் நிச்சயமாகப் பார்த்ததில்லை.

போன வருஷம் பேச்சிராஜா விக்ரோலியில் ஒரு சின்ன பிளாட்டுக்கு லோன் போட்டான். மகன் ஹரி கூரியர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான், மகள் ஷாலினி காலேஜ் போகிறாள், பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறையில், இந்தக் கோலியில், எத்தனை நாள் மடங்கிப் படுப்பது? நியாயம்தான். ஆனால் தாராவிக் கோலியைப் பூட்டிப் போட முடியாது. குடிசையை இடித்து வீடு கட்டித் தருகிற ஸ்கீம் வரப்போகிறது, சர்வேக்காரர்கள் கதவைத் தட்டும்போது உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று சந்து முழுக்கப் பேச்சு. கோகிலாவுக்குப் பட்டறை இங்கே. ஆகவே அவள் கோலியில் இருப்பது, மற்ற நாலு பேரும் விக்ரோலிக்குப் போவது என்று முடிவானது.

லோனுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய தொகை பெரிது. கோகிலா எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்தார்கள். பேனாவுக்காக என்னையும் கூப்பிட்டார்கள். பேனாவோடு நானும் வருவேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆறுமுகத்தாய் காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பி வைத்தாள். "அண்ணாச்சி, எழுதுங்க. நம்ம வீட்டு கர்ச்சா மாசம் முப்பத்தஞ்சாயிரம். அரிசி, பருப்பு, கரண்டு, கேஸு, பாலு, மருந்து எல்லாஞ் சேத்துதான். அஞ்சு பேரு. அஞ்சால வகுத்தா எவ்வளவு?"

"ஏழாயிரம்" என்றேன்.

"ஆங். அப்ப ஒத்த ஆளுக்கு ஏழாயிரம் இருந்தா தாராளம். இவளுக்கு வாடகையும் கெடையாது. மிச்சம் பதினஞ்சாயிரத்த லோனுக்குக் குடுத்துரலாம். என்ன கோகிலா, சரியா வருமா?"

"எனக்கு என்ன மயினி, ஒரு வயிறு. அது போதும்."

பேச்சிராஜா தங்கையைப் பார்த்து, "கஷ்டம்னா சொல்லிரு" என்றான். அவள் சிரித்தாள். கணக்கு யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கணக்கு எழுதியே சம்பளம் வாங்கிய எனக்கும் தெரியவில்லை. ஒரே டப்பாவில் காசு போட்டு ஒரே பானையில் சோறு எடுத்தவர்களுக்கு வகுத்தல் இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

பொங்கல் கழிந்து அவர்கள் போனார்கள். டெம்போவில் கடைசியாக ஏறிய ஆறுமுகத்தாய் இறங்கி வந்து, கோகிலாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துவிட்டு மறுபடி ஏறினாள். இரண்டு பேரும் அழவில்லை. என் மனைவி நாகலக்ஷ்மிதான் இருவருக்கும் சேர்த்து அழுதாள்.

முதல் வாரம் கோகிலா ஐந்து பேருக்குப் பொங்கிவிட்டு, மிஞ்சியதைச் சந்தெல்லாம் கொடுத்தாள். அவளுக்கு அந்த அளவுதான் கைவந்தது. எங்களுக்கு நல்ல வாரம் அது. அப்புறம் அரிசிப் படியைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் மற்றவை குறையவில்லை. மின்விசிறி ஒருத்திக்காகச் சுற்றினாலும் ஐந்து பேருக்குச் சுற்றினாலும் கரண்டு பில் ஏறக்குறைய அதேதான். குழம்பு கொதிக்க அடுப்பு ஏறக்குறைய அதே நேரம் எரிகிறது. அரைக்கிலோ தக்காளி வாங்கினால் பாதி அழுகுகிறது, கால்கிலோ கேட்டால் கடைக்காரன் ஒரு மாதிரி பார்த்து விலையைக் கூட்டிச் சொல்கிறான். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் பட்டறைக்குக் கிளம்பும் நேரமும் இடித்தன. நாகலக்ஷ்மி டிரம்மை நிரப்பி வைப்பாள். அதற்குக் காசு வாங்குவாளா என்ன? ஆனால் கோகிலா சும்மா இருக்கமாட்டாள். வாரம் ஒரு தரம் எங்களுக்கு முட்டையோ பழமோ வந்துவிடும். அதுவும் செலவுதானே.

தைராய்டு மாத்திரை, போன் ரீசார்ஜ், கேபிள். மார்ச்சில் சந்தில் ஒரு கல்யாணம் வந்தது. மொய் வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று அல்ல. ஐந்து பேர் இருந்தபோது எழுதிய ஐந்நூற்றொன்றையே ஒருத்தியும் எழுதினாள். முப்பதாம் தேதி வாக்கில் அவள் வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்காது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, டயட் இருக்கிறாள் போலிருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். எனக்கு அந்த அளவுக்குத்தான் மூளை.

ஏப்ரலில் கொடை வரி வந்தது. எங்கள் வழக்கத்தில் வரி தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று. இந்த வருஷம் மூவாயிரம். பொருளாளர் செல்லப்பாண்டியும் ரசீதுப் புத்தகத்தோடு நானும் வீடு வீடாகப் போனோம். கூரைத் தகடு கொதித்து, சந்தில் நிற்கவே முடியாத வெயில். கோகிலா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். செல்லப்பாண்டி அவள் வாசலில் நிற்காமல் தாண்டிப் போனார்.

"அண்ணாச்சி, எங்க வீட்ட உட்டுட்டுப் போறிய?" என்று கூப்பிட்டாள்.

"ஒங்கண்ணன் விக்ரோலியில இருந்து நேத்தே போன்ல அனுப்பிட்டான் தாயி."

"அது அண்ணன் வீட்டுக்கு. இந்த வீட்டுக்கு?"

செல்லப்பாண்டி தலையைச் சொறிந்தார். "நீ தனி ஆளு. கல்யாணம் ஆவாத பொம்பளப்புள்ள. ஒனக்குத் தலைக்கட்டு கெடையாதுல்லா? வழக்கம் அப்படி."

"இந்த வீட்ல அடுப்பு எரியுதா இல்லியா?"

"எரியுது."

"கல்யாண வீட்டுக்காரன் மொய் கேக்கான். கரண்டுக்காரன் பில்லு தாரான். சர்வேக்காரன் வந்தா நாந்தான் இந்த வீட்டு ஆளுன்னு நிக்கணும். அம்மனுக்கு மட்டும் நான் ஆளு இல்லியா?"

செல்லப்பாண்டி என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பிரித்தேன். அவள் உள்ளே போய் ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து வந்தாள். 'கோகிலவாணி, ஒரு தலைக்கட்டு' என்று நன்றாகக் கொழுக்கக் கொழுக்க எழுதி நீட்டினேன். அதை வாங்கிப் படித்தபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்னும் நான் மறக்கவில்லை. எங்கள் கோயிலில் ஒரு கன்னிப் பெண்ணின் பெயரில் எழுதிய முதல் ரசீது அது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த மாதம் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, பட்டறையில் ஜிப் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். பைசான் பதறிப்போய், தானே டாக்டரிடம் கூட்டிப்போய், ரிக்‌ஷாவில் கொண்டுவந்து விட்டார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல போல. நேத்தும் டப்பா கொண்டாரல" என்று இந்தியும் தமிழுமாக எங்களிடம் சொன்னார். நல்ல மனுஷன், வாசலிலேயே நின்று இரண்டு இளநீரும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"மயினிட்ட சொல்லிராதிய அக்கா. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்" என்று கோகிலா என் மனைவியிடம் கெஞ்சினாள். நாகலக்ஷ்மி சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆறுமுகத்தாய்க்குப் போன் செய்தாள். அவள் செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆறுமுகத்தாய் வந்துவிட்டாள். கையில் தூக்குவாளி நிறைய நெத்திலிக் குழம்பு. நேராக அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். அரிசி கொஞ்சம் இருந்தது. பருப்பு டப்பா காலி. சீனி இல்லை. பால் பாக்கெட்டின் அடையாளமே இல்லை. மூடிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. பிறகு சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்த ரசீதைப் பார்த்தாள். எடுத்து இரண்டு தடவை படித்தாள். அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான எழுதினிய?"

"ஆமா ஆறுமுகத்தாயி" என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய. பேனாவ எடுத்துட்டு உள்ள வாங்க. நாகலக்ஷ்மியக்கா, நீங்களும் வாங்க."

உள்ளே கோகிலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆறுமுகத்தாய் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவள் முன்னால் வைத்தாள். "தின்னு. தின்னுகிட்டே பேசு. எத்தன நாளா இப்படி?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மயினி. வெயிலு..."

"ஏட்டி, எங்கிட்ட வெயிலுங்காதே. இருவத்தஞ்சு வருசமா ஒனக்கு ஒல வச்சவ நான். கஷ்டம்னா சொல்லிருன்னு ஒங்கண்ணன் சொன்னாருல்லா? ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீங்க கணக்குப் போட்டுச் சொன்னிய. ஒத்த ஆளுக்கு ஏழாயிரம் தாராளம்னு. பத்தலன்னா எங்கிட்டதான தப்பு? சமாளிக்கத் தெரியலன்னுதான அர்த்தம்? இத்தன வருசம் கையில காசு வச்சுப் பழகல. நாந்தான் எங்கயோ விடுதேன்னு நெனச்சேன்."

ஆறுமுகத்தாய் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எந்தப்பு. ஒரு வெளக்க அஞ்சால வகுத்தேனே, நான் ஒரு கூறுகெட்டவ. அங்க போயி எனக்கே தெரிஞ்சுச்சு. நாலு பேருக்கு இருவத்தெட்டுல ஓடும்னு பாத்தேன், முப்பத்திரண்டு ஆவுது. அப்பவாது ஒன்னப் பத்தி யோசிச்சிருக்கணும். நீ வாயத் தொறக்க மாட்டங்கிறது எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்கு லோனு மயினி. நான் ஒங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்ய? டைபாய்டுல கெடந்தப்ப இருவத்தோரு நாளு என் துணிய நீங்க அலசுனிய. பெத்தவ இருந்திருந்தாகூட மொகத்தச் சுளிச்சிருப்பா. நான் அத மறக்கலாமா?"

"நிறுத்து. லாக்டவுன்ல எட்டு மாசம் ஒங்கண்ணனுக்கு வண்டி ஓடல. நீ மாஸ்க் தச்ச காசுலதான் அஞ்சு பேரும் கஞ்சி குடிச்சோம். ஷாலினிக்கு பீஸு கட்டுனது ஆரு? இந்த வீட்ல அத ஒருத்தரும் ஒங்கிட்ட வாயத் தொறந்து சொன்னதில்ல. இப்ப சொல்லுதேன். நீ இல்லன்னா நாங்க அன்னைக்கே மூட்டையக் கட்டிருப்போம். ஒன் புண்ணியத்துலதான் இன்னைக்கு நான் பிளாட்டுல இருக்கேன். நீ இங்க பட்டினி கெடக்க."

கோகிலா தட்டில் கையை வைத்தபடி அழுதாள். நாகலக்ஷ்மி வழக்கம்போல் அவளைவிட ஒரு பங்கு அதிகமாக அழுதாள். நான் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தேன். நன்றி என்கிற வார்த்தையை எங்கள் சந்தில் யாரும் சொல்வதில்லை. அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோலிக்குள் அதைத் தவிர வேறு எதுவும் பேசப்படவில்லை.

"எழுதுங்க அண்ணாச்சி" என்றாள் ஆறுமுகத்தாய். "இந்தத் தடவ வகுக்கப்படாது. ஒவ்வொண்ணாக் கூட்டணும்."

அரிசி பருப்பிலிருந்து ஆரம்பித்தோம். கரண்டும் கேஸும் முழுதாக எழுதினோம். தினம் அரை லிட்டர் பால். "கால் போதும் மயினி" என்றவளை ஆறுமுகத்தாய் ஒரு பார்வை பார்த்தாள். மாத்திரை, ரத்தப் பரிசோதனை, மழைக்காலத்தில் கூரைக்குத் தார்ப்பாய். வரிக்கும் மொய்க்கும் மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். என் பாவத்துக்குப் பரிகாரம் அது. ஞாயிற்றுக்கிழமை மீன் என்று நாகலக்ஷ்மி சொன்னாள்.

"பூ?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"எனக்கு எதுக்குப் பூ?"

"ஏன், ஒந்தலையில முடி இல்லியா? எழுதுங்க அண்ணாச்சி. வருசத்துக்கு மூணு சேல. முட்டி வலிக்கிற அன்னைக்கு ரிக்‌ஷா. வேற?"

கோகிலா தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கினாள். ஏதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"சும்மா சொல்லுட்டி. இங்க நம்மள்லாம்தான இருக்கோம்."

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"கிங்ஸ் சர்க்கிள்ல அந்த ஓட்டல்லாம் இருக்குல்லா? பார்சல் வாங்கத்தான் போயிருக்கேன். மாசத்துல ஒரு நா போயி, பேன் அடியில உக்காந்து, ஒரு தோசையும் காபியும்... அவசரப்படாம குடிக்கணும். ஆருக்கும் பார்சல் கட்டாம. எனக்கு மட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் எழுதினேன். கூட்டிப் பார்த்ததில் பதினைந்தாயிரத்து ஐந்நூறு வந்தது. கோகிலா அந்தத் தொகையைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"அய்யோ, இது எனக்கு ஒருத்திக்கா? அப்ப ஒங்களுக்கு ஆறாயிரத்து ஐநூறுதான வரும்? லோனுக்கு எட்டாயிரத்து ஐநூறு துண்டு விழும். வேண்டாம் மயினி, பூவ அடிங்க, தோசைய அடிங்க."

"ஒண்ணையும் அடிக்க வேண்டாம். எங்க பில்டிங்ல நாலாவது மாடியில ரஞ்சனான்னு ஒரு அம்மா இருக்காவ. பாலக்காட்டுக்காரவ. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆபீஸ் போறவ. காலைல டிபனும் ராத்திரிக்குச் சப்பாத்தியும் செஞ்சு குடுக்க ஆளு கேட்டாவ. பக்கத்து வீட்லயும் கேட்டாவ. ரெண்டும் சேத்து ஒம்பதாயிரம். நேத்து நாகலக்ஷ்மியக்கா போன வச்ச ஒடனே மாடிக்குப் போயி வாரேன்னு சொல்லிட்டேன். ஒண்ணாந்தேதிலேர்ந்து வேல."

"அண்ணன் என்ன சொன்னாவ?"

"ஒங்கண்ணனா? தங்கச்சி மயங்கி விழுந்தான்னு கேட்டதுலேர்ந்து அந்த மனுசன் சோறே திங்கல. அவரு என்னத்தச் சொல்ல? நீ மொதல்ல ஒனக்கு எவ்வளவு வேணும்னு வாயால சொல்லு. நான் அவர்ட்ட போயிச் சொல்லணும்."

கோகிலா தாளைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்க்காமல், "எனக்குப் பதினஞ்சாயிரத்து ஐநூறு வேணும் மயினி" என்றாள். பைக்கு ஜிப் சரியாக இருக்கிறது என்று பட்டறையில் சொல்வாளாமே, அப்படிச் சொன்னாள்.

சாயங்காலம் ஆறுமுகத்தாய் கிளம்பினாள். கோகிலாவுக்கு உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. பஸ் ஸ்டாப் வரை வருவேன் என்று அடம்பிடித்தாள். வழியில் விழுந்துவைக்கப் போகிறாள் என்று நானும் கூடப் போனேன். ஸ்டாப்பில் நல்ல கூட்டம். ஆறுமுகத்தாய் காலித் தூக்குவாளியைக் கையில் மாட்டிக்கொண்டு, பருப்பை எங்கே வாங்கினால் விலை குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மயினி" என்று கோகிலா இடையில் கேட்டாள். "அந்த ஒம்பதாயிரம் வந்தா ஆருகிட்ட குடுப்பிய?"

"ஆருகிட்ட குடுக்க? டப்பாவுலதான்."

"பூராவுமா?"

"பின்ன?"

"ஒங்களுக்கு எவ்வளவு வேணும்?"

ஆறுமுகத்தாய் தூக்குவாளியை மறு கைக்கு மாற்றினாள். இருபத்தைந்து வருஷமாக வீட்டுக் காசை முழுக்கக் கையில் வைத்திருந்தவள் அவள். அரிசி விலையிலிருந்து ரீசார்ஜ் வரை விரல்நுனியில் வைத்திருந்தவள். அந்த டப்பாவிலிருந்து தனக்கென்று அவள் எடுத்து நான் பார்த்ததில்லை.

"எனக்கா?" என்றாள். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "எட்டாயிரத்து ஐநூறு போக ஐநூறு மிஞ்சுதுல்லா. அது எனக்கு இருக்கட்டும்."

"மிஞ்சுனதக் கேக்கல மயினி. வேண்டியதக் கேக்கேன்."

பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியது. ஆறுமுகத்தாய் ஏறி, எப்படியோ ஒரு ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்தாள். கோகிலா ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். நகர்கிற உத்தேசமே இல்லை.

"ஆயிரம்" என்றாள் ஆறுமுகத்தாய் மெதுவாக.

"பத்தாது."

"ஏட்டி போ, ஆயிரம் ரூவாய வச்சு நான் என்ன செய்யப் போறேன்?"

"அது ஒங்க இஷ்டம். பத்தாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கண்டக்டர் மணி அடித்தான். பஸ் நகர்ந்தது. கோகிலா கூடவே நாலடி நடந்தாள். வேண்டாம்மா, மயங்கி விழப்போகிறாய் என்று நான் பின்னாலேயே ஓடினேன். ஆறுமுகத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி போனாள். இருபது முப்பதடி போன பிறகு அவள் முகம் மாறியது. சின்னப் பெண் மாதிரி சிரிப்பு வந்தது. கையை வெளியே நீட்டி இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டாயிரம்!" என்று கத்தினாள். "எனக்கு ரெண்டாயிரம் வேணும்ட்டி! துண்டு விழுறதுக்கு ஒங்கண்ணன் மாவாப் பாக்கு போடுறத நிறுத்தட்டும்!"

ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் திருப்பத்தில் மறையும் வரை அந்த இரண்டு விரலும் வெளியே நீட்டியபடியே இருந்தன.